உப்புப் போட்ட சோறு

(மெர்சிங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் அரை மணி. சம்பளத்தைப் பற்றிப் பேசுவான், வீட்டுரிமையைப் பற்றிப் பேசுவான் என்று எண்ணி வந்திருப்பீர்கள். நான் பேயைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். பேச்சு முடிவதற்குள் சம்பளத்துக்கே வந்து சேருவேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்துக்குப் பின்னால் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கையை முன்னே நீட்டி, கண்ணைச் செருகி, காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். மற்றவர்கள் கூச்சலிட்டு ஓடினார்கள். "என்னடா இது?" என்றேன். "ஜோம்பி, அண்ணே! கடிச்சா நீங்களும் ஜோம்பி ஆயிடுவீங்க!" என்றான் ஒரு பொடியன். பக்கத்தில் குந்தியிருந்த பெரியவர், நாற்பது ஆண்டு மரம் சீவியவர், "அது எந்த ஊர்ப் பேய் தம்பி? நம்ம காட்டேறிக்கு உறவா?" என்று கேட்டார்.

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். பெரியவர் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். அந்தப் பேய்க்கு உறவு உண்டு. காட்டேறியோடு இல்லை, தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் நின்ற நம் பாட்டன் பூட்டனோடு.

கரும்புத் தோட்டத்தில் பிறந்த பேய்

அமெரிக்காவுக்குத் தெற்கே கரீபியக் கடலில் ஹெய்ட்டி என்று ஒரு நாடு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அதன் பெயர் சான் டொமிங். கரும்பும் காப்பியும் விளைந்த பூமி. 1789-ஆம் ஆண்டளவில் அந்தச் சின்ன நிலப்பரப்பில் ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் இருந்தார்கள். ஐரோப்பா தின்ற சர்க்கரையில் பெரும்பங்கு அவர்கள் வியர்வையில் விளைந்தது. அடிமையை எப்படி நடத்தலாம், ஓடிப் போனால் எந்த உறுப்பை வெட்டலாம் என்பதற்குக்கூட, 14-ஆம் லூயி மன்னன் 1685-இலேயே சட்டம் எழுதி வைத்திருந்தான். வந்து இறங்கியவர்களில் பலர் சில ஆண்டுகளுக்குள் மாண்டார்கள். மாண்டவர் இடத்தை நிரப்ப மறு கப்பல் வந்தது.

அந்த மக்களுக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. செத்தால் உயிர் கடலைத் தாண்டி, 'கினே' என்று அவர்கள் அழைத்த தாய்மண்ணுக்குத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை. துரையின் கை அங்கே எட்டாது, சாட்டை எட்டாது.

அப்படியானால் அவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் எது? சாவு இல்லை. செத்த பிறகும் விடுதலை கிடைக்காமல் போவதுதான். மந்திரவாதி ஒருவன் குழியைத் தோண்டி உடம்பை எழுப்புவான். உயிர் அவன் கையில், உடம்பு அவன் வயலில். பேச்சில்லை, நினைவில்லை, பெயரில்லை. காட்டிய வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதற்குத்தான் ஜோம்பி என்று பெயர். மனிதனைக் கடிக்காது, துரத்தாது. ஹெய்ட்டி மக்கள் ஜோம்பியைக் கண்டு பயப்பட்டதைவிட, தாம் ஜோம்பி ஆகிவிடுவோமோ என்றுதான் அதிகமாகப் பயந்தார்கள்.

அந்த அடிமைகள் 1791 ஆகஸ்டில் கிளர்ந்து எழுந்தார்கள். தூசேன் லூவெர்த்தூர் என்ற மாவீரன் படை நடத்தினான். நெப்போலியன் அனுப்பிய சேனை தோற்றது. 1804 சனவரி முதல் நாள் தெசலின் என்ற தளபதி விடுதலையை முழங்கினான். அடிமைகள் தாமே வென்று அமைத்த நாடு உலகில் அது ஒன்றுதான். ஆனால் 1825-இல் பிரான்சு போர்க்கப்பல்களை நிறுத்தி, இழந்த தோட்டங்களுக்கும் இழந்த அடிமைகளுக்கும் நஷ்டஈடாக 15 கோடி பிராங்கு கேட்டது. பின்னால் 9 கோடியாகக் குறைத்தது. அடிமைப்பட்டவன் தன் விலையைத் தானே எஜமானுக்குக் கட்டினான்! அதற்காக வாங்கிய கடனின் பாக்கி 1947 வரை தொடர்ந்தது.

சம்பளம் வாங்கியவன் யார்?

1915-இல் அமெரிக்கச் சேனை ஹெய்ட்டியில் வந்து இறங்கி 1934 வரை இருந்தது. ரோடு போடக் குடியானவர்களைப் பிடித்துக் கட்டாய வேலை வாங்கினார்கள். அந்தக் காலத்தில் அங்கே போன வில்லியம் சீபுரூக் என்ற அமெரிக்கர் 1929-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு குடியானவர் தமக்குச் சொன்னதாக ஒரு கதை எழுதியிருக்கிறார். நம் தோட்டத்துக்காரர்கள் அவசியம் கேட்க வேண்டிய கதை அது.

அங்கே அமெரிக்கக் கம்பெனியின் பெரிய கரும்பு ஆலை ஒன்று இருந்தது. ஓராண்டு விளைச்சல் அதிகம், ஆள் பற்றவில்லை. ஆள் கொண்டுவந்தால் காசு என்று அறிவித்தார்கள். ஜோசப் என்ற ஒருவன் கந்தல் உடுத்திய ஒன்பது பேரைக் கூட்டிவந்தான். அவர்கள் யாரையும் பார்க்கவில்லை, பேர் கேட்டால் பதிலில்லை. "இவர்கள் மலைக்காட்டு ஆட்கள், நாட்டுப் பாஷை தெரியாது, ஆலைச் சத்தத்துக்குப் பயப்படுகிறார்கள், நான் சொன்னால் நன்றாக வேலை செய்வார்கள்" என்றான் ஜோசப். எழுதிக்கொண்டார்கள். தூரத்து வயலில் விட்டார்கள். அவர்கள் விடியலிலிருந்து இருட்டும்வரை வெட்டினார்கள். சனிக்கிழமை சம்பளத்தை ஜோசப் வாங்கினான். ஆலைக்கு வேலை ஆனது, ஜோசப்புக்குக் காசு ஆனது. கேள்வி கேட்க ஆளில்லை.

அந்த ஒன்பது பேரும் செத்தவர்கள். ஜோசப்பின் மனைவி அவர்களுக்குத் தினமும் தனியாகச் சமைத்தாள். அதில் ஒரு விதி உண்டு. ஜோம்பியின் சோற்றில் உப்புச் சேர்க்கக் கூடாது. உப்பு நாக்கில் பட்டால் தான் யாரென்று தெரிந்துவிடும்.

ஒரு திருநாள் வந்தது. ஜோசப் பணத்தோடு பட்டணம் போய்விட்டான். அந்தப் பெண்ணுக்கு மனம் கேட்கவில்லை. 'திருநாள் அன்றுகூட இந்தப் பாவிகள் இப்படியே குந்தியிருக்கிறார்களே' என்று அவர்களைச் சந்தைக்குக் கூட்டிப் போனாள். மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். நம் கடலை மிட்டாய் போன்றதுதான். இனிப்புக்கு என்ன ஆகப் போகிறது என்று நினைத்துவிட்டாள். ஆனால் அந்தக் கடலையில் உப்பு இருந்தது.

தின்றார்கள். தெரிந்துகொண்டார்கள். ஓவென்று அலறி எழுந்து, தங்கள் மலையூரைப் பார்த்து நடந்தார்கள். யாராலும் நிறுத்த முடியவில்லை. ஊரில் தாயும் மனைவியும் பிள்ளைகளும் அடையாளம் கண்டு ஓடி வந்தார்கள். அவர்கள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே இடுகாட்டுக்குப் போய், தத்தம் குழிமேல் விழுந்து பிணமானார்கள். பிறகு ஊரார் ஜோசப்பைச் சும்மா விடவில்லை.

இது நடந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். ஏதோ மருந்து கொடுத்து மயக்கித்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று 1980-களில் வேட் டேவிஸ் என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார். மெர்சிங் படகுத்துறையில் 'புந்தால்' என்று மீனவர்கள் தூக்கி எறிவார்களே, அந்தப் பேத்தை மீனின் விஷம் அந்த மருந்தில் சேர்கிறது என்றார். வேறு அறிஞர்கள் அதை மறுத்தார்கள். எனக்கு அந்த வாதம் முக்கியமில்லை. விஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த மக்கள் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அவர்கள் வாழ்வில் இருந்தது. ஆள் பிடிக்கிறவன், பேர் எழுதுகிறவன், சம்பளம் வாங்குகிறவன், வெட்டுகிறவன். இந்த நாலு பேரும் கதையில் அப்படியே இருக்கிறார்கள்.

படத்தில் காணாமற்போன முதலாளி

இந்த நூல் வந்த மூன்றாம் ஆண்டே, 1932-இல், 'ஒயிட் ஜோம்பி' என்ற படம் அமெரிக்காவில் வெளிவந்தது. பேலா லுகோசி என்ற நடிகர் மந்திரவாதியாக, ஆலை முதலாளியாக வருகிறார். இரவில் ஜோம்பிகள் செக்கைச் சுற்றுகிறார்கள். ஒருவன் கால் தவறி அரவைக்குள் விழுகிறான். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றுகிறார்கள். நண்பர்களே, ஆலையில் கை போனவனைக் கண்டவர்களுக்கு இந்தக் காட்சி பேய்ப்படமாகத் தோன்றாது.

1943-இல் வந்த இன்னொரு படத்திலும் கரும்புத் தோட்டம் இருந்தது, அடிமை வாழ்வின் நினைவும் இருந்தது. 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ என்பவர் எடுத்த படத்தில்தான் வழி மாறியது. செத்தவர்கள் எழுந்து வந்து மனிதரைத் தின்கிறார்கள். எழுப்பியவன் இல்லை, தோட்டமும் இல்லை. ஆனாலும் அந்தப் படத்தின் முடிவை நான் மறக்க மாட்டேன். இரவெல்லாம் போராடித் தப்பிப் பிழைத்த கதாநாயகன் ஒரு கறுப்பர். விடிந்ததும் துப்பாக்கியோடு வந்த கூட்டம், அவரையும் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது.

அதற்குப் பின் வந்த படங்கள் கணக்கில்லை. நம் நாட்டில் 2007-இல் 'ஜோம்பி கம்போங் பீசாங்' என்று மலாய்ப் படம் வந்தது. 2016-இல் கொரியாவிலிருந்து ரயில் படம் வந்தது. அதே ஆண்டு தமிழில் 'மிருதன்' வந்தது. நம் பிள்ளைகளின் விளையாட்டு இங்கிருந்துதான் வந்தது. படம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் பார்க்கிறேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். முதலில் கதையில் ஆண்டானும் இருந்தான், அடிமையும் இருந்தான். போகப் போக ஆண்டான் திரையிலிருந்து இறங்கிப் போய்விட்டான். கந்தல் உடுத்திய அடிமை மட்டும் நின்றான், அதுவும் சுட்டுத் தள்ள வேண்டிய மிருகமாக.

நம் பக்கத்துக் கணக்கு

ஹெய்ட்டி எங்கே, மெர்சிங் எங்கே என்று நினைப்பீர்கள். அதே கரீபியக் கடலில் குவாதலூப், மார்ட்டினிக் என்று பிரெஞ்சுத் தீவுகள் உண்டு. 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட யாரைக் கொண்டுபோனார்கள்? புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றிய ஆட்களை. அவர்களில் பெருவாரி தமிழர். 1854 முதல் குவாதலூப் தீவுக்கு மட்டும் 40 ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள். மாரியம்மனையும் மதுரை வீரனையும் அங்கே கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டார்கள். ஆகவே ஜோம்பி பிறந்த கடலில் நம்மவரும் கரும்பு வெட்டியிருக்கிறார்கள்.

மலாயாவில் நம் கதை உங்களுக்குத் தெரியும். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை நின்றது. கங்காணி முறை 1938 வரை ஓடியது. பிரட்டில் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. ஆள் படுத்தால் காசு போச்சு. காய்ச்சலில் கிடந்தவனையும் எழுப்பி நிறுத்தியது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஜப்பானியர் காலத்தில் நடந்ததை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். 1943-இல் அவருக்கு ஐந்து வயது. "சயாமிலே ரயில் ரோடு வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, மூணு மாசத்திலே திரும்பிடலாம்" என்று சொல்லி அவர் தகப்பனாரை லாரியில் ஏற்றினார்கள். அவர் திரும்பவில்லை. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 2 லட்சம் பேர் அங்கே உழைத்தார்கள். அவர்களில் 90 ஆயிரம் பேர் அளவில் மாண்டிருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் அதில் உண்டு. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது, பெயர் பொறித்திருக்கிறது. நம்மவர் சாவுக்குச் சரியான கணக்கே இல்லை. பேர் எழுதி வைத்தவரும் அரிது.

என் பாட்டியின் தாயார் பட்ட பாடு வேறு. புருஷன் செத்தாரா, இருக்கிறாரா? தாலியைக் கழற்றினால், உயிரோடு இருப்பவருக்குச் செய்த துரோகம். ஆடி அமாவாசைக்கு இலை போடாவிட்டால், செத்தவருக்குச் செய்த துரோகம். பல ஆண்டு இப்படியே இருந்தார். அதே லயத்திலிருந்து போனவர்களில் ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். "நடைப்பிணமா வந்தாரு" என்பார் பாட்டி. விடியுமுன் மூன்று மணிக்கு எழுந்து, யாரும் கூப்பிடாமலே வாசலில் வந்து தனியாக நிற்பாராம், வரிசையில் நிற்பதுபோல.

நடைப்பிணம்! ஜோம்பி என்ற சொல்லுக்குத் தமிழ் தேட வேண்டியதில்லை. நம் பாட்டிமார் வாயில் அது இருந்தது. அவர்கள் அதைப் பேய்க்குச் சொல்லவில்லை. வேலையால் உயிர் உறிஞ்சப்பட்ட மனிதனுக்குச் சொன்னார்கள்.

என் மேசைக்கு முன்னால்

இனி நான் சொல்ல வெட்கப்படும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் கிராணி வேலைக்குப் புதிது. ஒரு குத்தகையாளர் பதினொரு பேரைக் கூட்டிவந்து என் மேசைக்கு முன் நிறுத்தினார். வங்காள தேசத்து ஆட்கள். "இவங்களுக்கு மலாய் தெரியாது கிராணியார். எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க. வேலை நல்லா செய்வாங்க" என்றார். நான் எழுதிக்கொண்டேன். செக்ரோலில் பதினொரு பெயர். எழுத்துப் பிழையோடுதான் எழுதினேன், யாரும் திருத்தவில்லை. கடப்பிதழ் குத்தகையாளரின் பெட்டியில். சம்பளம் குத்தகையாளர் கையில். இரண்டு மாதம் நான் அவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

மூன்றாம் மாதம் அவர்களில் ஒருவன், இருபது வயது இருக்கும், ஆபீஸ் வாசலில் நின்று விரலைத் தேய்த்துக் காட்டினான்; காசு என்கிறான். பிறகு மூன்று விரலை நீட்டினான், கையை விரித்தான். வீட்டில் மூன்று பேர், ஒன்றும் அனுப்பவில்லை. அப்புறந்தான் விசாரித்தேன். கடைச் சாமான் கழிவு, வந்த செலவுக் கழிவு என்று கழித்துக் கழித்து அவர்கள் கைக்கு ஒன்றும் வரவில்லை.

ஜோசப்பின் கதையைப் பின்னால் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆலையிலும் ஒரு கிராணி இருந்திருப்பான் அல்லவா? பாஷை தெரியாத ஒன்பது பேர் என்று கேட்டு, சரி என்று எழுதியவன்! கதையில் அவனுக்குப் பெயர் இல்லை. அவன் கெட்டவனும் இல்லை. கேள்வி கேட்காதவன், அவ்வளவுதான். அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

கிளைச் செயலாளரிடம் போனேன். வங்காளம் பேசத் தெரிந்த கடைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து, சம்பளக் கணக்கை அவர்கள் பாஷையில் வரிவரியாகப் படித்துக் காட்டினோம். அப்போது அவர்கள் முகம் மாறியதை நான் மறக்க முடியாது. முதலில் சந்தேகம், பிறகு கோபம், பிறகு பதினொருவரும் ஒரே நேரத்தில் பேச்சு! பேசத் தெரியாத ஆட்கள் என்றார்களே, எத்தனை பேச்சு! தொழிலாளர் இலாகா வரை போய்ப் பாதிப் பணந்தான் கிடைத்தது. அதற்குள் இரண்டு பேர் சொல்லாமல் எங்கோ போய்விட்டார்கள். அவர்கள் பணம் என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சிலர் கேட்பீர்கள்: "அவன் வந்துதானே நம் கூலி குறைந்தது? அவனுக்காக நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?" நியாயமான கோபந்தான். ஆனால் குவாதலூப்பில் விடுதலை பெற்ற கறுப்பர்கள், கப்பலில் வந்து இறங்கிய நம் தமிழரைப் பார்த்து இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். கூலியைக் குறைத்தது வந்தவனா, வரவழைத்தவனா? பேசத் தெரியாதவன் பக்கத்து நிரையில் வேலை செய்யும்வரை, பேசுகிறவனுக்கும் கூலி ஏறாது. அவன் வாய் திறந்தால்தான் நமக்கும் லாபம்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கூலி கொடுக்க வேண்டும் என்கிறது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அதே சட்டத்தில் கட்டாய உழைப்பு குற்றம் என்ற விதியும் 2023 முதல் அமலில் இருக்கிறது. அடுத்தவன் கடப்பிதழை அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். ஆனால் எழுதிய சட்டம் தானாக எழுந்து நடக்காது. யாராவது அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

கிராணி நண்பர்களே, உங்களை நான் கேட்பது மூன்று. பெயர் எழுதும்போது அந்த ஆளை நிமிர்ந்து பார்த்து, அவன் வாயாலேயே பெயரைக் கேட்டு எழுதுங்கள். கடப்பிதழ் யாரிடம் என்று கேளுங்கள். சம்பளச் சீட்டு அவன் கைக்குப் போகிறதா என்று பாருங்கள். மரம் சீவும் தோழர்களே, உங்களைக் கேட்பது ஒன்றே: பக்கத்து நிரையில் இருப்பவனோடு நாளைக்குப் பசியாறும்போது உட்காருங்கள்.

நம்மவர் ரோஷமில்லாதவனைப் பார்த்து என்ன கேட்பார்கள்? "நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்பார்கள். கடலுக்கு அப்பால் ஹெய்ட்டிக் குடியானவன் சொன்னதும் இதேதான். உப்பைத் தின்றவன் தான் யாரென்று அறிவான்; அறிந்தவனை யாராலும் கட்டி வைக்க முடியாது. அந்தப் பதினொரு பேருக்கும் அன்று உப்பாக இருந்தது ஒரு சம்பளச் சீட்டு.

பெரியவரே, அங்கே பின்வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அது எந்த ஊர்ப் பேய் என்று கேட்டீர்கள். அது தோட்டத்துப் பேய், ஐயா. இன்று வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கடலை மிட்டாய்க் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் விளையாடட்டும். ஆனால் விளையாட்டில் ஜோசப் யார் என்பதையும் ஒரு பிள்ளை கேட்கட்டும்.